ஊரே சேர்ந்து பிராட்பேண்ட் கட்டலாமா? கட்டலாம், முதலில் நீர்க்கட்டி ஆளைப் பிடியுங்கள்

பென்னாகரம் வட்டத்தில் காட்டோரமாக நாலு குக்கிராமம், எல்லாம் சேர்த்து 130 வீடு. செல்போன் சிக்னல் வேண்டுமென்றால் பாறை மேல் ஏற வேண்டும். ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) இணைப்பு கொடுக்கும் கம்பெனிகளைக் கேட்டால், தார்ச்சாலையில் இருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறீர்கள், கட்டுப்படியாகாது என்கிறார்கள். நாங்களே பணம் போட்டு நெட்வொர்க் கட்ட முடியுமா, சட்டம் விடுமா, எவ்வளவு ஆகும், வயரா வயர்லெஸ்ஸா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். பாலக்கோடு பக்கம் கேபிள் டிவி வேலையில் ஆரம்பித்து, ஃபைபர் ஒட்டும் வேலைக்கு வந்து, பதினாலு வருஷமாக இதில்தான் இருக்கிறேன். ஊர்க்காரர்களே நடத்தும் நெட்வொர்க் இரண்டு ஊர்களில் கட்ட உடன் இருந்திருக்கிறேன். ஒன்று இன்றைக்கும் ஓடுகிறது. இன்னொன்று பதினாறாவது மாதம் நின்றுவிட்டது. இரண்டிலும் அதே ரேடியோ (இணையத்தைக் கம்பியில்லாமல் கடத்தும் கருவி), அதே ஃபைபர், ஏறக்குறைய அதே எண்ணிக்கை வீடுகள்.

நின்றுபோன ஊரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்திரை மாதக் கோடை மழையில் இடி விழுந்து, பள்ளிக்கூட மாடியில் இருந்த நெட்வொர்க் ஸ்விட்ச் (இணைப்புகளைப் பிரித்து அனுப்பும் பெட்டி) எரிந்தது. நாலாயிரம் ரூபாய்ச் சாமான். வாங்கி மாட்ட அரை நாள் போதும். ஆனால் அந்த நாலாயிரத்தை யார் கொடுப்பது என்று எழுதி வைக்கவில்லை. யார் தர்மபுரி போய் வாங்கி வருவது என்பதும் இல்லை. நெட்வொர்க் கட்டியபோது ஓடியாடி வேலை செய்த இளைஞர்கள் மூன்று பேரும் அதற்குள் ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். மூன்று வாரம் நெட் இல்லை. அந்த மாதக் கட்டணத்தை யாரும் கொடுக்கவில்லை. அது நியாயம்தான். அடுத்த மாதம் ஸ்விட்ச் வந்தபோது பாதிப் பேர் மறுபடி பாறை மேல் ஏறப் பழகிவிட்டார்கள்.

நம் பக்கத்து ஏரிகளுக்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். மதகைத் திறப்பதும் மூடுவதும், கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகிறதா என்று நடந்து பார்ப்பதும், கால்வாயில் அடைப்பு இருந்தால் எடுப்பதும் அவர் வேலை. அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு ஆயக்கட்டுக்காரரும் களத்தில் அவருக்கு நெல் அளந்துவிடுவார். அவருக்கு அளக்கிற வரைக்கும் ஏரி ஏரியாக இருந்தது. உங்கள் நெட்வொர்க்குக்கும் அப்படி ஒருவர் வேண்டும். சம்பளம் வாங்குகிறவர், ஊரிலேயே இருக்கிறவர், கம்பம் ஏறத் தெரிந்தவர். ரேடியோ என்ன மாடல் என்று பேசுவதற்கு முன்னால் அந்த ஆளை முடிவு செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஊரில் நாங்கள் முதலில் செய்தது அதைத்தான்.

இது நமக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 2000-களின் தொடக்கத்தில் சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து மதுரை மாவட்டம் மேலூர் பகுதிக் கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். சில வருஷங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. பழுதானால் பார்க்க ஆள் இல்லாததும், வரவு செலவைத் தாங்காததும் முக்கியக் காரணங்கள்.

சரி, இப்போது இணையத்தை எங்கிருந்து எடுப்பது என்று பார்ப்போம். முதலில் உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் அரசு ஃபைபர் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் கொடுத்து, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம் அது. தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பொறுப்பில் இருக்கிறது. பெரும்பாலும் மின்கம்பங்கள் மேலேயே இழுத்திருப்பார்கள். ஃபைபர் வந்து முடியும் பெட்டியை மாட்டியிருப்பது வேறு, அதில் விளக்கு எரிவது வேறு. அதனால் நேரில் போய்ப் பெட்டியைப் பாருங்கள். விளக்கு எரிந்தால் உங்கள் ஆறு கிலோமீட்டர் ஒன்றோ இரண்டோ ஆகக் குறையலாம். இல்லையென்றால் தார்ச்சாலை ஓரம் வரைக்கும் ஃபைபர் வைத்திருக்கிற ஒரு ஐஎஸ்பியிடமோ (இணையச் சேவை நிறுவனம்), அவர்களுடைய உள்ளூர் கேபிள்காரரிடமோதான் போக வேண்டும். நம் மாவட்டங்களில் கடைசி ஐந்து கிலோமீட்டர் யார் கையில் இருக்கிறது என்றால் கேபிள்காரர் கையில்தான். அவரைப் போட்டியாளராகப் பார்க்காதீர்கள். எந்தக் கம்பம் யாருடையது, எந்த வளைவில் லாரி உரசும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

சட்டம். ஒரு வீட்டு இணைப்பை வாங்கி 130 வீட்டுக்குப் பிரித்து விற்பது கூடாது. கம்பெனியின் நிபந்தனையை மீறுவது மட்டும் இல்லை, உரிமம் இல்லாமல் இணைய சேவை விற்பதும் ஆகிவிடும். யாராவது ஒருவர் ஆன்லைனில் ஏதாவது மோசடி செய்தால் போலீஸ் யார் பெயரில் இணைப்பு இருக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான் வரும். நேரான வழிகள் இரண்டு. உரிமம் உள்ள ஐஎஸ்பி ஒன்றோடு வருவாய்ப் பங்கு ஒப்பந்தம் போடுவது முதல் வழி. கேபிளும் பெட்டிகளும் உங்களுடையவை, இணையமும் பில்லும் சந்தாதாரர் சரிபார்ப்பும் அவர்களுடையவை. பிஎஸ்என்எல்லும் இப்படி உள்ளூர்க் கூட்டாளிகள் வழியாகத்தான் பல ஊர்களில் ஃபைபர் கொடுக்கிறது. இரண்டாவது வழி பிஎம்-வாணி. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம். டீக்கடையோ மளிகைக்கடையோ பொதுத் தகவல் மையமாக இருந்து வைஃபை விற்கலாம். கடைக்காரருக்கு உரிமமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். அவருக்கு மேலே ஒரு ஒருங்கிணைப்பாளர் நிறுவனம் இருந்து சரிபார்ப்பையும் கணக்கையும் பார்த்துக்கொள்ளும். இத்தகைய கடைகளுக்குக் கம்பெனிகள் வணிக விலை போட்டதுதான் நீண்ட நாள் தலைவலியாக இருந்தது. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதற்கு உச்சவரம்பு வைத்தது: 200 எம்பிபிஎஸ் வேகம் வரையிலான திட்டங்களுக்கு, அதே வேகத்து வீட்டு இணைப்பின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. மாவட்ட அளவில் சின்ன ஐஎஸ்பி உரிமமும் உண்டு. ஆனால் அதோடு வரும் பதிவேடுகளும் ஆண்டுக் கணக்கும் 130 வீட்டுக்குத் தாங்காது. நாலு குக்கிராமத்தில் வீட்டு இணைப்பு, பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு வாணி மையம் என்று இரண்டையும் கலப்பதுதான் உங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

இப்போது வயரா வயர்லெஸ்ஸா. ஆறு கிலோமீட்டரைக் காட்டு வழியே ஃபைபரில் கடக்க வேண்டுமென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். அது வரும்வரை காத்திருந்தால் ஊரில் ஆர்வம் ஆறிப்போகும். அதனால் தொடக்கத்தில் அந்தத் தூரத்தை வயர்லெஸ்ஸில் தாண்டுங்கள், ஊருக்குள் ஃபைபர் இழுங்கள். பின்னால் அனுமதி கிடைத்து மெயின் ஃபைபர் வந்தால், ரேடியோ மாற்று வழியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

2018 அக்டோபரில் இருந்து 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பெரும்பகுதியை வெளியிடத்திலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். சக்தி வரம்பு உண்டு, வகை ஒப்புதல் பெற்ற கருவியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நீண்ட தூர வைஃபை நம் மாநிலத்துக்குப் புதிதும் இல்லை. 2000-களின் நடுவிலேயே தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுவோடு சேர்ந்து, கிராமத்துக் கண் பரிசோதனை மையங்களை வைஃபை மூலமாகவே மருத்துவமனையோடு இணைத்தது. கிராமத்தில் உட்கார்ந்த நோயாளி தேனியில் உள்ள மருத்துவரோடு வீடியோவில் பேசினார். அதில் ஒரு சிக்கல் வந்தது. சாதாரண வைஃபை ஒரு செய்தியை அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்கு மிகக் கொஞ்ச நேரமே காத்திருக்கும். பல கிலோமீட்டர் தள்ளிப் போனால் பதில் வருவதற்குள், தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். அதனால் அந்தக் குழு இரண்டு முனைகளும் நேரம் பிரித்து முறை வைத்துப் பேசும்படி மாற்றியது. இன்று கடையில் வாங்கும் தொலைதூர ரேடியோக்களில் அந்த ஏற்பாடு கூடவே வருகிறது.

எதிர் முனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவில் அலை ஒரு வெள்ளரிக்காய் வடிவத்தில் பருத்துப் போகும். 5.8 ஜிகாஹெர்ட்ஸில் ஆறு கிலோமீட்டர் தூரம் என்றால், நடுப்பகுதியில் அந்த வெள்ளரிக்காயின் ஆரம் கிட்டத்தட்ட 9 மீட்டர். அதில் குறைந்தது அறுபது சதவீதமாவது, அதாவது 5 மீட்டருக்கு மேல், மரமோ மேடோ நுழையாமல் காலியாக இருக்க வேண்டும்.

இதை நான் ஒரு புளியமரத்திடம் கற்றேன். மாசி மாதம் ரேடியோ மாட்டினோம். சிக்னல் மைனஸ் 58 (பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம்). பிரமாதம். மரம் அப்போது இலை உதிர்த்து, காய் உலுக்கி முடித்து, வெறும் கிளையாக நின்றது. சித்திரையில் துளிர் விட்டது. வைகாசியில் ஒரு மழை பெய்து, நனைந்த இலையோடு மரம் கும்மென்று நின்ற அன்று சிக்னல் மைனஸ் 76-க்கு இறங்கி, வீடியோ எதுவும் ஓடவில்லை. வெட்டவும் முடியாது. புளி மகசூலை வருஷக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள், அந்தப் பணத்தில்தான் கோயில் பூசை நடக்கிறது. கடைசியில் கம்பத்தை ஆறு மீட்டர் உயர்த்தினோம். அதனால், மரங்கள் முழு இலையோடு நிற்கும் ஆவணி, புரட்டாசியில் அளந்து பாருங்கள். கோடையில் அளந்தது பொய் சொல்லும்.

ஊருக்குள் ஃபைபர். ஜிபான் என்ற முறை. ஓஎல்டி என்ற தலைமைப் பெட்டியின் ஒவ்வொரு போர்ட்டில் (இழை செருகும் வாய்) இருந்தும் ஒரே ஒரு இழை கிளம்பும். வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற, மின்சாரமே தேவைப்படாத சின்னக் கண்ணாடிப் பிரிப்பான் அதை முதலில் நாலாக, பிறகு எட்டாகப் பிரிக்கும். ஒரு போர்ட்டில் 32 வீடு. நாலு குக்கிராமத்துக்கு நாலு போர்ட். வீடுகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது என்பதால் எட்டு போர்ட் பெட்டியாக வாங்குவது நல்லது. ஒளியின் கணக்கை ஒரு தாளில் போட்டுவிடலாம். பெட்டியில் இருந்து ஒளியின் பலம் பிளஸ் 3-ல் கிளம்புகிறது என்று வையுங்கள். இரண்டு ஸ்ப்ளிட்டரும் சேர்ந்து பதினேழரை டெசிபல் (ஒளி எவ்வளவு குறைகிறது என்று அளக்கும் அலகு) தின்னும். மூன்று கிலோமீட்டர் ஃபைபர் ஒரு டெசிபல். ஒட்டுகளும் இணைப்பான்களும் ஒன்றரை. வீட்டுக்கு மைனஸ் 17 வரும். மைனஸ் 27 வரைக்கும் வீட்டுப் பெட்டி தாங்கும். நடுவில் இருக்கும் அந்தப் பத்துதான், நாளைக்கு அணில் கடித்து நாலு இடத்தில் ஒட்டுப் போட்டாலும் உங்களைக் காப்பாற்றப் போகும் சேமிப்பு.

அணில் நிஜமாகவே கடிக்கும். குரங்கு இழுக்கும். ஆனால் ஃபைபருக்கு இரண்டு பேரையும்விடப் பெரிய எதிரி வைக்கோல் ஏற்றிய டிராக்டர். தை, மாசியில் பாரம் எவ்வளவு உயரம் போகும் என்று உங்களுக்கே தெரியும். பாதையைக் குறுக்கே தாண்டும் இடத்தில் ஆறு மீட்டர் உயரம் வையுங்கள். அப்புறம், மின்கம்பத்தில் அனுமதி எழுத்தில் வாங்காமல் ஒரு அடி கூடக் கட்டாதீர்கள். ஒரு நாள் லைன்மேன் வந்து அறுத்துப் போட்டால் கேட்க உங்களுக்கு வாய் இருக்காது.

ஃபைபர் ஒட்டுவதை வெளியாளிடம் விடாமல் ஊரிலேயே இரண்டு பேர் கற்றுக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஊரில் அதைக் கற்றவர் மகளிர் குழுவில் இருக்கும் ஒரு அக்கா. பட்டுக்கூட்டில் இழை பிடித்துப் பழகிய கை. மேல்பூச்சை உரித்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி 125 மைக்ரான், தலைமுடி அளவு. ஆல்கஹால் தொட்ட துணியால் கீச்சென்று சத்தம் வரும்வரை துடைக்க வேண்டும். கிளீவரில் நேராக வெட்டி, இரண்டு முனையையும் மெஷினில் வைத்து மூடினால் ஒரு சின்னப் பொறி, அப்புறம் திரையில் இழப்பு எவ்வளவு என்று காட்டும். அவர் போட்ட முதல் ஒட்டு 0.31 டெசிபல். பத்தாவது 0.02. என் ஒட்டே பல நாள் 0.04 வரும். வெட்டிய கண்ணாடித் துண்டுகளை மட்டும் கீழே விடக் கூடாது. கறுப்பு டேப்பில் ஒட்டி, எண்ணி, டப்பாவில் போட வேண்டும். குழந்தை தவழும் வீட்டுத் திண்ணையில்தான் பாதி வேலை நடக்கும். காலில் ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, எடுக்கவும் முடியாது.

மின்சாரம். ரேடியோக் கம்பத்தில் இரண்டு ரேடியோவும் ஒரு ஸ்விட்சும் சேர்ந்து 25 வாட் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 600 வாட்-மணி. 12 வோல்ட் 150 ஆம்பியர் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் ஒன்றரை நாள் ஓடும். 250 வாட் சோலார் தகடு ஒன்று போதும். இடிதான் நம் பக்கத்தில் உண்மையான சோதனை. ஒவ்வொரு கம்பத்துக்கும் தனி எர்த் போடுங்கள், கரியும் உப்பும் போட்ட குழி, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர். கட்டடத்துக்குக் கட்டடம் செப்பு வயர் இழுக்கவே இழுக்காதீர்கள், பத்தடி தூரம் என்றாலும் ஃபைபர். நின்றுபோன அந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் நாங்கள் இழுத்த முப்பது மீட்டர் செப்பு வயர் வழியாகத்தான் இடி உள்ளே வந்தது. அது என் தவறு.

பணம். 110 வீட்டுக்கு நாங்கள் கட்டியபோது ரேடியோவும் கம்பங்களும் 55,000, ஓஎல்டி 65,000, கேபிளும் ஸ்ப்ளிட்டரும் கொக்கிகளும் 1,30,000, வீட்டுப் பெட்டிகள் 1,65,000, பேட்டரியும் சோலாரும் 60,000, பழைய ஒட்டு மெஷின் 45,000. மொத்தம் 5,20,000. குழி தோண்டுவதும் கம்பம் நடுவதும் வீட்டுக்கு ஒரு ஆள் முறை வைத்துச் செய்தது, அதற்குக் கூலி இல்லை. வீட்டுக்கு 4,000 ரூபாய் பங்கு. நூறு நாள் வேலைச் சம்பளம் வரும்போது கொடுக்கிறேன் என்றவர்களுக்கு நாலு தவணை. மீதி 80,000 ரூபாயை ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகள் போட்டார்கள். அன்றைய விலை அது. நீங்கள் வாங்கும்போது புதிதாக விலை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதக் கணக்குதான் முக்கியம். கட்டணம் வரி நீங்கலாக 400. 110 வீட்டில் ஒழுங்காக வருவது 95. ஆக 38,000. அதில் பாதி ஐஎஸ்பிக்கு. மீதி 19,000-ல் நீர்க்கட்டிக்கு 11,000, கணக்கு எழுதும் அக்காவுக்கு 1,500, கரண்ட் 1,500, பழுது நிதிக்கு 4,000. ஆயிரம் ரூபாய் நிற்கும். அந்த நாலாயிரத்தைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். எந்த மாதமும் தொடாதீர்கள், திருவிழா என்றாலும். மூன்று வருஷத்தில் பேட்டரி போகும், அதற்குள் அந்தப் பணம் சேர்ந்திருக்க வேண்டும். எல்லா 110 வீடும் கட்டும் என்று கணக்குப் போட்டு ஆரம்பித்தால் ஆறாவது மாதமே நீர்க்கட்டியின் சம்பளத்தில்தான் கை வைப்பீர்கள்.

யார் பெயரில் நடத்துவது என்றால், சங்கமாகப் பதியலாம், 1975-ம் வருஷச் சங்கப் பதிவுச் சட்டம் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கமாகவும் ஆகலாம், ஆனால் நடைமுறை அதிகம். பதிவைவிட, வசூலும் நோட்டும் யார் கையில் என்பதை யோசியுங்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கியதே நம் மாவட்டத்தில்தான், 1989-ல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக வாரம் தவறாமல் கூட்டம் போட்டு, எல்லோர் முன்னாலும் பணத்தை எண்ணி, நோட்டில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இங்கே ஊறிக் கிடக்கிறது. இதை விட்டுவிட்டு இளைஞர் மன்றத்திடமோ அரசியல் கட்சிக் கிளையிடமோ வசூலைக் கொடுக்காதீர்கள். தேர்தல் வந்ததும் ஊர் இரண்டாகப் பிரியும், நெட்டும் பிரியும்.

நிலத்து வழி பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் லங்காஷயர் பக்கம் 2011-ல் ஊர்க்காரர்கள் சேர்ந்து பிராட்பேண்ட் ஃபார் தி ரூரல் நார்த் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கம்பெனிகள் வராத மலையோர ஊர்கள். தங்கள் வயலில் தாங்களே பள்ளம் தோண்டினார்கள், வழிக்குக் காசு வாங்கவில்லை, வீட்டுக்கு வீடு ஒரு ஜிகாபிட் வேகம் போனது. ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2004-ல் தொடங்கிய குய்ஃபி நெட் வீட்டு மாடிகள் வழியாகவே முப்பதாயிரம் முனையங்களைத் தாண்டியது. இரண்டிலும் செலவைக் குறைக்க உதவியது அக்கம்பக்கத்தார் கொடுத்த வழி. உங்கள் ஊரில் ஃபைபர் யார் மாந்தோப்பு வழியாகப் போகிறதோ அவரிடம் காய் இறக்கும் மாதத்துக்கு முன்னாலேயே பேசுங்கள். வரப்பின் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், தோப்பை விற்றால் என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தோப்பு வைத்திருப்பவருக்கு முதல் இணைப்பு கொடுங்கள். யானை இறங்கும் வழி எது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அந்த இடத்தில் கம்பம் நடாமல் சுற்றிப் போங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது இரண்டு. ஊராட்சி அலுவலகத்துப் பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அடுத்த மகளிர் குழுக் கூட்டத்தில், மாதம் 400 கொடுக்கிறவர்கள் யார் என்று கேட்டு, பெயரும் கையெழுத்துமாக எழுதி வாங்குங்கள். எழுபதுக்குக் கீழே இருந்தால் ஒரு குக்கிராமத்தை மட்டும் முதலில் எடுங்கள். எழுபது தாண்டினால், ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் கண்ணாடியும் போனும் எடுத்துக்கொண்டு உங்கள் பாறை மேல் ஏறுங்கள், இரண்டு பேர் தார்ச்சாலை ஓரத்து மாடியில் நில்லுங்கள். காலை எட்டு மணி வெயிலில் கண்ணாடியை ஆட்டினால் அந்தப் பக்கம் மின்னுவது தெரிய வேண்டும். நடுவில் எந்த மரத்து உச்சி தட்டுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அது யார் மரம் என்பதையும் எழுதி அனுப்புங்கள். கம்பத்தின் உயரத்தை அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், நான் போட்டுத் தருகிறேன்.